குவார்ட்டர்ஸுக்காக எழுதிய மனு

12 ஜூன் 2003, வியாழன்
மழை இன்னும் இல்லை. புழுக்கம். தேஹு ரோட்டிலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு பஸ். புராதனக் கட்டடக் கமிட்டி ஆபீசில் மனு கொடுத்தாயிற்று. மூன்று நகல், இருபத்தொரு கையெழுத்து.

நாங்கள் வேலை பார்த்த செயற்கைக்கோள் ஸ்டேஷனை மூடி, டிஷ் ஆண்டெனாவைப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். மிச்சம் குவார்ட்டர்ஸ். அதையும் இடிக்கப் போகிறார்கள். ஆபீசர் பங்களா மட்டும் பாதுகாப்புப் பட்டியலில். நாங்கள் இருந்த வரிசை வீடுகள் இல்லை. டிப்ளமா இல்லாதவன் குடியிருந்த சுவருக்கு மதிப்பு கிடையாது போல.

அவற்றையும் பட்டியலில் சேர்க்கக் கேட்டு மனுவில் எழுதியவை:
– டிஷ்ஷின் பார்வையை மறைக்கக் கூடாதென்று வேண்டுமென்றே தாழ்த்திக் கட்டிய கூரை.
– சுவர்க் கல், டிஷ் அஸ்திவாரத்துக்கு வெடிவைத்து எடுத்த அதே கருங்கல்.
– வேறெங்கும் இப்படி இல்லை. (எனக்குத் தெரிந்து.)

புதன்கிழமை கமிட்டி. அதற்குப் பிறகு மனு வாங்கமாட்டார்கள்.

13, வெள்ளி
மகன் சேகர் பாணேரிலிருந்து போன். "மராத்தியில நீங்களே எழுதினீங்களாப்பா? என்கிட்ட ஒரு தடவை காமிச்சிருக்கலாமே."
"நீ தமிழே தப்பா எழுதறவன்."
வைத்துவிட்டான். கடைப் பலகை பார்த்துக் கற்ற மராத்திதான். யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் என்ன?
தக்காளி வாங்க மறந்தேன். முழங்கால் வலி.

17, செவ்வாய்
தூறல். கமிட்டி ஆபீசில் கூப்பிட்டிருந்தார்கள். கவுண்டர் பெண், "கோண் வார்லே, காகா?" யார் இறந்தது, பெரியவரே என்கிறாள். யாரும் சாகவில்லை என்றேன்.
"அப்புறம் வாரிசு மனு எதுக்கு?"
மராத்தியில் வாரசா என்றால் மரபுச் செல்வம். வாரஸ் என்றால் வாரிசு. கடைசியில் ஒரு துணைக்கால் போட வேண்டும். மூன்று நகலிலும் போடவில்லை. நம் தமிழ் ‘வாரிசு’ காதிலேயே இருந்திருக்கிறது. குவார்ட்டர்ஸுக்கு நாங்கள் இருபத்தொரு பேரும் வாரிசுகள் என்று ஆகிவிட்டது. சொத்துக்கு உரிமை கேட்கிறார்கள் என்று மனுவை எங்கள் பழைய டிபார்ட்மெண்டுக்கே அனுப்பிவிட்டார்கள்.
இங்கேயே திருத்தித் தருகிறேன் என்றேன். "ஃபைலே இங்க இல்லை, காகா."
முழுதும் படித்துப் பார்த்தாயா என்று சத்தம் போட்டேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

18, புதன்
கமிட்டி கூடியது. எங்கள் வீடுகள் பற்றிப் பேச்சே வரவில்லை. பங்களா உறுதி.
சேகர் கேட்டான். தள்ளிவிட்டார்கள் என்றேன். காரணம் சொல்லவில்லை.

20, வெள்ளி
நல்ல மழை. ஸ்டேஷன் ஜீப் ஓட்டிய ஜாதவ் இன்னும் குவார்ட்டர்ஸில்தான் இருக்கிறார். பேத்தி பத்தாவது முடிக்கும்வரை இருக்கலாம் என்று அனுமதி. உரிமை கோரும் மனுவில் அவர் கையெழுத்தும் இருந்ததால் அது ரத்தாம். ஞாயிறுக்குள் காலி செய்ய நோட்டீஸ்.

22, ஞாயிறு
போனேன். வாசலில் டெம்போ. பேத்தி புத்தகங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து உள்ளே போய்விட்டாள்.
தப்பு என்னுடையது என்றேன். ஜாதவ், "தெரியும் அண்ணா. நோட்டீஸோட உங்க மனுவும் வந்துச்சு" என்றார்.
அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "மராத்தி உங்க பாஷைதானே, கையெழுத்துப் போடறப்ப பார்த்திருக்கக் கூடாதா?"
"நீங்க எழுதினதாச்சேன்னு படிக்காமயே போட்டேன்."
கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மறுபக்கத்தை நான்.