சகலை பிடித்த மீன்

சித்திரை 7, ஞாயிறு.

மைத்துனியின் கணவன் ரவி இன்று முதல் தடவையாக என்னோடு தூண்டில் போட வந்தான். ஹேவாஹெட்டவுக்கு மேலே உள்ள அந்தக் குளிர்ந்த ஆற்றில் ட்ரவுட் மீனுக்காக நான் நான்கு வருடமாக அலைகிறேன். விரல் நீளத்துக்கு மேல் எதுவும் அகப்பட்டதில்லை.

மழை விட்டதும் தண்ணீரிலிருந்து சின்னஞ்சிறு பூச்சிகள் சிறகு விரித்துக் கிளம்பின. அவற்றைத் தின்ன மீன்கள் மேலே வந்தன. இறகால் கட்டிய பொய்ப்பூச்சிகள் இருந்த டப்பாவை ரவி திறந்தான்.

"எதக் கட்டட்டும் சகல?"

சாம்பல் நிறச் சின்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். "அந்தப் பெரிய சிவப்பக் கட்டுங்க" என்றேன்.

சிவப்பை ஒரு மீனும் தொடவில்லை. அவன் குனிந்து, தண்ணீரில் மிதந்த பூச்சி ஒன்றைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தான். பிறகு சாம்பலுக்கு மாற்றினான். மூன்றாவது வீச்சில் தூண்டில் வளைந்தது. முழங்கை நீள மீன். "அடேயப்பா!" என்று நானும் சிரித்தேன். நெஞ்சுக்குள் எரிந்தது.

மாலையில் மஹய்யாவவில் உள்ள எங்கள் வீட்டில் எல்லாரும் மீனைச் சுற்றி நின்றார்கள்.

"சகல சொல்லிக் குடுத்தாரு. இல்லாட்டி எனக்கு என்னா தெரியும்?" என்றான் ரவி.

என் மனைவி பெருமையோடு என்னைப் பார்த்தாள். பெரிய துண்டை எனக்கே வைத்தாள். முள்ளைக்கூட விடாமல் சப்பித் தின்றேன்.

அவன் தெரிந்துதான் அப்படிச் சொன்னானா? எல்லார் முன்னாலும் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் இந்நேரம் தூங்கியிருப்பேன்.