பாதி எழுத்தில் ஒரு ரேவதி

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து சர்வர் அறை ஏசி ஓடவில்லை. மெக்கானிக் ராயக்கோட்டையில் இருக்கிறானாம், நாளைக்குத்தான் வருவானாம். மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்; ஆலையின் கணினிகள் எல்லாம் என் பொறுப்பு.

மதியம் ஜெயப்ரியா வந்தாள். எங்கள் ஆலையின் நர்ஸ். போன மாதம் நடந்த மருத்துவ முகாமில் நாகரசம்பட்டிப் பெண் ரேவதியின் நெஞ்சு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது, காசநோயாக இருக்கலாம் என்று வேலையை விட்டு நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டிகளுக்கு வயர் கட்டும் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி.

“மேடம், அந்தப் பொண்ணு கேஸ்ல ஏதோ சரியில்ல. சளி ரெண்டு தடவ பாத்துட்டாங்க, ஒண்ணுமே இல்லயாம். நீங்க கம்ப்யூட்டர்ல ஒருக்கா பாருங்களேன்.”

“கம்ப்யூட்டரில் என்ன பார்க்க? முகாம் எக்ஸ்ரே வேனில் எடுத்த படம். பேர் இருக்கிறது, பிறந்த தேதி இருக்கிறது.”

“அவ எனக்கு ஒண்ணும் இல்லன்னு அழுவுறா மேடம்.”

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள், மெஷின் சொல்கிறது, அப்போது சரியாகத்தான் இருக்கும் என்றேன்.

ஜூன் 11, புதன்

ஏசி சரியானது. ஜெயப்ரியா மறுபடி ரேவதி பேச்சை எடுத்தாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

இன்றே எழுதிவிடுகிறேன்.

ரேவதியின் அப்பா ஆஞ்சப்பன் கேட்டில் வந்து நின்றார். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. ஜெயப்ரியாதான் போய் அழைத்துவந்தாள். அரசு மருத்துவமனையில் புதிதாக எடுத்த எக்ஸ்ரே படம் அவர் கையில் இருந்தது.

“அங்க டாக்டரு படம் சுத்தமா இருக்குதுன்றாரு. நீங்க நோவுன்றீங்கோ. ஊர்ல எம்பொண்ணு தண்ணி எடுக்கப் போனா எல்லாரும் வெலகி நிக்கிறாங்கம்மா. நான் யாரு பேச்ச நம்பறது?”

ஜெயப்ரியா எங்கள் படத்தையும் அவர் கொண்டுவந்ததையும் ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடித்தாள். பிறகு விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் கொண்டுவந்த படத்தில் கழுத்தடியில் இடது காறை எலும்பு முன்பு எப்போதோ உடைந்து கோணலாகக் கூடியிருக்கிறது. எங்கள் படத்தில் அதே எலும்பு நேராக இருக்கிறது.

“உடைஞ்ச எலும்பு தடமே இல்லாம போவுமா மேடம்?”

போகாது. இரண்டும் ஒரே ஆளின் நெஞ்சு அல்ல.

ஆஞ்சப்பன் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். “அப்ப எம்பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல?” இல்லை என்றாள் ஜெயப்ரியா. அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வேறொரு கேள்வி வந்தது. நிழல் உள்ள நெஞ்சு யாருடையது? அவள் எங்கே இருமிக்கொண்டிருக்கிறாள்? எங்கள் முகாமில் கோளாறு உள்ளவர்களை மட்டும்தான் கூப்பிட்டுச் சொல்வார்கள். கூப்பிடாவிட்டால் நலம் என்று எடுத்துக்கொள்ள வேண்டியது. அவளை யாரும் கூப்பிடவே இல்லை.

ஜூன் 13, வெள்ளி

முகாமுக்கு மென்பொருள் கொடுத்த பெங்களூர் நிறுவனத்து வெங்கட்டைப் போனில் பிடித்து, இரண்டு பேர் படம் கலந்துபோயிருக்குமா என்று கேட்டேன்.

“சான்ஸே இல்ல மேடம். ஒரே பேர், ஒரே தேதி ரெண்டு தடவ வந்தா முகாம் வாசல்ல பேர் பதியற ஸ்கிரீனே கேக்கும், அப்பா பேரையும் சேருங்கன்னு.”

“மூல நிரலை அனுப்பு.”

“அதெல்லாம் டெஸ்ட் பண்ணது மேடம்...”

“எந்த மொழியில்?”

ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிட்டான்.

கண்டுபிடிக்க வெகு நேரம் ஆகவில்லை. அதுவே அதிர்ச்சியாக இருக்கிறது. அவ்வளவு கண்ணெதிரே கிடந்தது.

முகாமில் ஒவ்வொருவரும் தன் மொழியில் தன் பெயரைத் திரையில் தட்டலாம். நிர்வாகத்துக்கு இதில் பெருமை. வாசல் திரை பெயர்களை முழு எழுத்தாக ஒப்பிடுகிறது, அதில் பிழை இல்லை. ஆனால் கோப்பில் சேர்க்கும் இடத்தில் பெயரையும் பிறந்த தேதியையும் ஒரே எழுத்துச் சரமாக்கி, அந்தச் சரத்தை பைட்டுகளின் ஓடையாக வாசித்து, வந்த பைட்டுகளைக் கொண்டு ஆளுக்கு ஒரு சாவி, அதாவது அடையாளக் குறி, உண்டாக்குகிறார்கள். வாசிக்க எடுத்துக்கொண்டது ஜாவா நிரல்மொழியில் ‘வகுப்பு’ என்று சொல்லும் ஆயத்த நிரல் துண்டுகளில் பழையது ஒன்று. பயன்படுத்தாதீர்கள் என்று அதன்மேலேயே எழுதிவைத்து எத்தனையோ வருடமாகிறது. எச்சரிக்கை வரக்கூடாது என்று அதையும் அணைத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த வகுப்பு எழுத்துக்கு ஒரு பைட்டுதான் தரும். ஆங்கிலத்துக்கு அது போதும். நம் எழுத்துக்கு இரண்டு வேண்டும். எந்த மொழி என்று சொல்வது மேல் பாதி, அந்த மொழியில் எந்த எழுத்து என்று சொல்வது கீழ் பாதி. ஓடையில் கீழ் பாதி மட்டும் வருகிறது. மேல் பாதி சத்தமில்லாமல் போய்விடுகிறது. பிழைச் செய்தி கிடையாது, நிரல் நிற்பதும் கிடையாது.

தமிழையும் கன்னடத்தையும் எழுத்துக் குறியீட்டில் ஒரே வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். தமிழ் ர-வுக்கும் கன்னட ர-வுக்கும் மேல் பாதிதான் வேறு. ‘ரேவதி’யைத் தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். வந்த பைட்டுகள் அச்சு அசலாக ஒன்று. வாணிக்கும் இதே கதி. ரவிக்கும். மீனா தப்பித்துக்கொள்கிறாள், அவளுடைய ‘ன’ கன்னடத்தில் வேறு இடத்தில் இருக்கிறது. ஓசூரில், எல்லையில் உட்கார்ந்துகொண்டு — இதை ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லையா? நானும்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிவைத்தேன்.

வாசல் திரையின் நினைவகத்தில் பெயர்கள் முழுதாக இருந்தன. தேடினேன். இருக்கிறாள். இன்னொரு ரேவதி, கன்னடத்தில் தட்டியவள். பிறந்த தேதி ஜூன் ஒன்று, அதே வருடம். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிடும் தேதி. இரண்டு ரேவதிக்கும் ஒரே தேதி, ஒரே சாவி. முதலில் பதிந்த நாகரசம்பட்டி ரேவதியின் பெயர் நின்றுவிட்டது. பின்னால் வந்தவளின் படம் அந்தப் பெயரின்மேல் ஏறிக்கொண்டது.

ஜூன் 14, சனி

அந்த ரேவதி ஆனேக்கல் பக்கம். ரொம்ப நாளாக வேலைக்கு வரவில்லையாம். ஒப்பந்தக்காரர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்.

மனிதவள மேலாளர் விஜயகுமாரிடம் போய் எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

“பக் எதுன்னு கண்டுபிடிச்சிட்டீங்க இல்ல? சூப்பர் மேடம். ஃபிக்ஸ் பண்ணச் சொல்லிடுங்க. நம்ம ரேவதிய திங்கக்கிழமையே கூப்ட்டுக்கலாம்.”

“அந்த இன்னொரு பெண்?”

“அவ இப்ப நம்ம ரோல்லயே இல்லயே. அதுவும் கர்நாடகா. இந்நேரம் அவங்களே எங்கயாவது காட்டியிருப்பாங்க.”

ஏதோ கூரியர் தவறிய மாதிரி பேசுகிறார். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தபிறகுதான் சொல்லவேண்டியதெல்லாம் வந்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஜெயப்ரியாவின் ஸ்கூட்டரில் போனோம். அத்திப்பள்ளி தாண்டி ஆனேக்கல் சாலையில் உள்ளே. எனக்குக் கன்னடம் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஊத்தங்கரையில் வளர்ந்தவளுக்கு அது எங்கே கிடைக்கும்?

ரேவதியின் அம்மா முனிலட்சுமி. “பன்னி, பன்னி, உள்ள வாங்க” என்று கன்னடமும் தமிழுமாக அழைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ரேவதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போய் கழுத்தெலும்பு தெரிந்தது. மடியில் பெண் குழந்தை, பத்து மாதம். பக்கத்தில் இருமல் மருந்து பாட்டில்கள். தெருவில் ஒரு டாக்டர் அதைத்தான் மாற்றி மாற்றிக் கொடுக்கிறாராம்.

ஜெயப்ரியா கன்னடத்தில் சொன்னாள். முனிலட்சுமி கேட்டுக்கொண்டே வந்தவள், நடுவில் என் பக்கம் திரும்பினாள். எனக்காகத் தமிழுக்கு மாறினாள்.

“போட்டோ எடுத்தாங்க. கூப்புடுவாங்க கூப்புடுவாங்கன்னு பாத்தோம். கூப்புடல. சரி, சென்னாகிதாளே, நல்லாத்தான இருக்கான்னு... ஏனம்மா, நீங்க பெரிய கம்பெனி. உங்குளுக்கு முன்னாடியே தெரியாதா?”

தெரியாது என்றேன். அது உண்மைதான். சொல்லும்போது பொய் போலக் கேட்டது.

ரேவதி இருமினாள். குழந்தை அவள் சத்தத்தைக் கேட்டுச் சிரித்தது. விளையாட்டு என்று நினைத்திருக்கிறது. ஜெயப்ரியா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

ஆனேக்கல் ரேவதிக்குச் சளியில் காசநோய் உறுதி. மருந்து தொடங்கிவிட்டார்கள்.

விஜயகுமார் கூப்பிட்டார். “யாரக் கேட்டுகினு போனீங்க?” இதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை. காசநோய் தெரிந்தால் அரசுக்குச் சொல்லவேண்டியது சட்டம், சொல்லியாகிவிட்டது என்றேன். மற்றப் பெயர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, கலந்துபோன எல்லோருக்கும் மறுபடி படம் எடுக்கச்சொல்லி நிர்வாக இயக்குநருக்கே எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

ஜூன் 25, புதன்

குழந்தைக்கும்.

ஜெயப்ரியா போனில் சொன்னாள். காய்ச்சல் விடவில்லை என்று பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். மூளைக்குப் போயிருக்குமோ என்று பார்க்கிறார்களாம்.

முகாம் முடிந்த வாரமே சொல்லியிருந்தால்? திங்கட்கிழமை ஜெயப்ரியா வந்து கேட்டபோதே நான் எழுந்திருந்தால்?

ஜூன் 29, ஞாயிறு

மூளைக்குப் போகவில்லை. நெஞ்சோடு நின்றிருக்கிறது. மருந்து கேட்கிறதாம்.



ஜூலை 2, புதன்

நாகரசம்பட்டி ரேவதி வேலைக்குத் திரும்ப மறுக்கிறாள். நிர்வாகம் மன்னிப்புக் கடிதம் தயார் செய்தது, மூன்று வரி. அதை அனுப்பட்டுமா என்று நான்தான் போனில் கேட்டேன்.

“லெட்டர் வேணா மேடம். லெட்டர வச்சுகினு ஒவ்வொருத்தருகிட்டயும் காட்டிகினு திரிய முடியுமா? கேன்டீன்ல வந்து வாயால சொல்லுங்க. அங்கதான எல்லாரும் என்னப் பாத்ததும் தட்ட எடுத்துகினு எந்திரிச்சுப் போனாங்க.”

“விஜயகுமார் சாரைச் சொல்லச் சொல்கிறேன்.”

“அவரு சொல்ல வேணா. நீங்க சொல்லுங்க. மெஷின் சொல்லுது, அப்ப சரியாத்தான் இருக்கும்னு நீங்கதான் சொன்னீங்களாம்.”

ஜெயப்ரியா அதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லட்டும்.

ஜூலை 4, வெள்ளி

சொன்னேன். முதல் ஷிப்ட் சாப்பாட்டு வேளை. மைக் வேண்டாம் என்றேன். பிறகு குரல் எழும்பாமல் மைக் கேட்டு வாங்கினேன். கூட்டத்தில் பேசி எனக்குப் பழக்கமில்லை. இந்தப் பெண்ணுக்கு நோய் இல்லை, எப்போதும் இருந்ததில்லை, எங்கள் கணினி இன்னொரு ரேவதியின் படத்தை இவள் பெயரில் சேர்த்துவிட்டது, அவள் சொன்னபோது நான் நம்பவில்லை, தவறு என்னுடையது. இவ்வளவுதான். ரேவதி முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். ஆஞ்சப்பனும் வந்திருந்தார்.

பின்னாலிருந்து பிரியதர்ஷினி என்ற பெண் கேட்டாள்:

“அப்ப அந்த இன்னொரு ரேவதி திரும்பி வந்தா எங்க மேடம் உக்காருவா?”

“உம் மடியிலதான்!” என்றது ஒரு குரல். சிரித்தார்கள். பத்துப் பேராவது சிரித்தார்கள்.

இவ்வளவு நேரம் நான் என்ன செய்திருக்கிறேன்? ஒருத்தியின் தலையிலிருந்து எடுத்து இன்னொருத்தியின் தலையில் வைத்திருக்கிறேன். மருந்து எடுத்தால் தொற்றாது என்று ஜெயப்ரியா எழுந்து சொல்ல ஆரம்பித்தாள். யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

“எம் பக்கத்துல உக்காருவா” என்றாள் ரேவதி. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “உனுக்கு எடம் பத்தலன்னா நீ வெளிய போயி தின்னு.”

ஜூலை 21, திங்கள்

மறுபடி எடுத்த படங்கள் வந்தன. வேறு யாருக்கும் நிழல் இல்லை. ஒரு ரவிக்கு இருதயம் பெரிதாக இருக்கிறது, அவனுக்கும் இதுவரை யாரும் சொல்லவில்லை. இந்தத் தடவை நேரில் கூப்பிட்டுச் சொன்னேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆனேக்கல் ரேவதி இன்று வேலைக்கு வந்தாள். இனி தொற்றாது என்று மருத்துவர் சான்று கொடுத்திருக்கிறார். முகம் கொஞ்சம் தேறியிருக்கிறது. குழந்தை எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டதாம். மாத்திரையைத் துப்புகிறதாம்.

மதியம் கேன்டீனுக்குப் போனேன். வழக்கமாக என் அறையிலேயே சாப்பிட்டுவிடுவேன். மற்ற மேசைகளில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரமாக ஒரு நீள மேசையில் இரண்டு ரேவதிகள் மட்டும். ஒருத்தி தமிழிலும் ஒருத்தி கன்னடத்திலுமாக எதற்கோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், எந்த பஸ் சீக்கிரம் போகும் என்பதைப் பற்றி என்று நினைக்கிறேன்.

தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் போய் உட்கார்ந்தேன். இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நாகரசம்பட்டிக்காரி ரசக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.