கலீலை அடித்த கூட்டம்

சோஹார், ஓமன்
ஆகஸ்ட் 2006

அன்பு மகள் நாகஜோதிக்கு அப்பா எழுதுவது. நீயும் அம்மாவும் தம்பியும் சுகமாக இருக்க வேண்டும், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன், அம்மாவுக்குப் படித்துக் காட்டாதே. எம்.ஏ.வுக்கு எழுதுகிற கட்டுரையைப் பற்றிப் போன வாரம் சொன்னாயே, ரஷ்யாவில் அந்தக் காலத்தில் ராஜாவைக் குண்டு வீசிக் கொன்றதும், யூதர்கள்தான் கொன்றார்கள் என்று புரளி கிளம்பி அவர்கள் வீடு கடையெல்லாம் சூறையாடினார்கள் என்று. வேலையில்லாத ஆட்கள் ரயிலேறி ஊர் ஊராகப் போய் அடித்தார்கள், புது ராஜாவே அடிக்கச் சொல்லிவிட்டார் என்று நம்பினார்கள், போலீஸ் வேடிக்கை பார்த்தது என்றாய். எங்கேயோ எப்போதோ நடந்தது என்று நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் லேபர் கேம்பிலேயே அது நடந்துவிட்டது. சைட்டில் கட்டட வேலை முடியப்போகிறது, பாதிப் பேரை அனுப்பிவிடுவார்கள் என்று எல்லாரும் கடுகடுவென்று இருந்தோம், பங்களாதேஷிலிருந்து குறைந்த சம்பளத்துக்கு வந்த பெங்காலிகளால்தான் இந்தக் கதி என்று பேச்சு. அன்றைக்கு நம் ஆட்கள் இரண்டு பேர் வாந்தியெடுத்து விழுந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் பெங்காலி ஏதோ கலந்திருப்பான் என்று ஒருத்தன் சொன்னான், அந்தப் பேச்சு மெஸ்ஸிலிருந்து ரூமுக்கு வருவதற்குள் கலந்ததைக் கண்ணால் பார்த்தது போல ஆகிவிட்டது. தொட்டி கழுவுகிறவர் கலீலுர் ரஹ்மான், டாக்கா பக்கத்து ஆள், உன்னிடம் நன்றாகப் படி என்று போனில் ஒரு தடவை இந்தியில் சொன்னாரே, அவர்தான். அவரை என் ரூமுக்குள் விட்டு வாசலை மறித்து நின்றேன். கூட்டத்துக்கு முன்னால் வந்தவன் நம் பக்கத்துத் தெரு கனகா மகன் சுரேஷ்குமார், நான் விசாவுக்குச் சொல்லிவைத்துக் கூட்டிவந்த பையன். நகருங்க மாமா, உங்களுக்கும் சேத்து விழும் என்றான். விழுந்தது. என்னைத் தள்ளிவிட்டு உள்ளே போனார்கள். வாட்ச்மேன் கேட்டருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். ஆஸ்பத்திரியில் கலீல் இன்னும் கண் திறக்கவில்லை. தண்ணீரில் ஒன்றுமில்லை, வாந்தியெடுத்த இரண்டு பேருக்கும் வெயில் தாக்கியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏண்டா செய்தாய் என்று நேற்று சுரேஷிடம் கேட்டேன். எல்லாரும் போனாங்க மாமா என்றான். இப்போதும் என் கட்டிலுக்கு மேல் கட்டிலில்தான் படுத்திருக்கிறான்.

நாளை போலீஸ் விசாரணை. யாரும் எதையும் பார்க்கவில்லை என்று சொல்ல எல்லாரும் பேசி வைத்திருக்கிறார்கள். நான் பார்த்ததைச் சொல்லப்போகிறேன் அம்மா. கம்பெனி என்னையும் அனுப்பிவிடலாம், கனகா முகத்தில் எப்படி விழிப்பேன், உன் படிப்பு என்ன ஆகும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என்ன ஆனாலும் நீ பரீட்சையை விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அய்யனார் உங்கள் மூன்று பேருக்கும் துணை இருப்பார். ஒன்று மட்டும் உன் புத்தகங்களில் மறக்காமல் தேடிப் பார்த்துச் சொல். அடித்தவர்களும் அடிபட்டவர்களும் மறுநாள் அதே தெருவில் எப்படி இருந்தார்கள்?

உன் அப்பா,
ராக்கப்பன்