படலையில் ஒட்டிய படம்

திருகோணமலை,
10.07.1983

அன்பு மகள் கிறிஸ்டினுக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். அந்தத் தூர தேசத்தில் இரவு வேலை முடிந்து வந்து நீ ஒழுங்காகச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் கிடைத்தது, ஆனால் யாரோ பிரித்துத் திரும்ப ஒட்டியிருந்தார்கள். அதனால் இதைத் தபாலில் போடவில்லை. என்னோடு படிப்பிக்கும் அபூதாஹிர் சேரின் மச்சான் சவூதிக்குப் போகிறார், அங்கிருந்து உனக்குப் போட்டுவிடுவார். மட்டக்களப்பிலிருந்து வாடகை வான் பிடித்து வரப்போகும் மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் வீட்டுக்கு என்ன அடையாளம் சொல்வது என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் கடைசியில் எழுதுகிறேன், முதலில் மற்றதை வாசி.

இதற்கு முன் அப்பாவின் கடிதம் வந்திருக்கும். சின்னப் பிரச்சினை, அடங்கிவிட்டது, கலியாணம் ஓகஸ்ட்டில் குறித்தபடி நடக்கும் என்று எழுதியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். போன மாதம் தமிழர் கடைகள் எரிந்தன. ஆட்களும் செத்தார்கள், எத்தனை பேர் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள், நான் எதையும் நம்பவில்லை, குறைவாகச் சொல்கிறவர்களையும் நம்பவில்லை. ஊரடங்கு போடுவதும் எடுப்பதுமாக இருக்கிறது. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து ஓடிவந்து லிங்கநகருக்கு அப்பால் குடிசை போட்டிருந்தவர்களை ஒரு விடியற்காலை படையினர் லொறிகளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் ஊருக்கே அனுப்புகிறோம் என்று சொல்லி ஏற்றினார்களாம். எந்த ஊர் என்று ஏறியவர்களுக்கும் தெரியவில்லை. அடுப்பில் வைத்த பானை அப்படியே இருந்ததாம். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இப்போது பாடத்தில் சந்தேகம் கேட்பதில்லை. ஒருத்தி மட்டும் எழும்பி, டீச்சர், எங்களுக்கெண்டு ஒரு நாடு வந்தால் நீங்கள் அதில இருப்பீங்களோ என்று கேட்டாள். எல்லையை எந்தத் தெருவால், எந்த ஒழுங்கையால் கீறுவாய் பிள்ளை என்று நான் கேட்டேன். முன்பென்றால் வகுப்பே சிரித்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.

இனி எங்கள் வீட்டு விஷயம். கடைகள் எரிந்த கிழமை எங்கள் மாதா கோயிலில் ஒரு கதை பரவியது. எழுபத்தேழில் மாதா படம் ஒட்டியிருந்த வீடுகளைச் சிங்களக் கும்பல்கள் தொடவில்லை, தங்களுக்குள்ளும் கிறிஸ்தவ வேதக்காரர் இருப்பதால் பயந்து போய்விட்டார்கள் என்று. அந்த வீடுகள் கடற்கரைப் பக்கத்தில் இருந்தன, பக்கத்து வீட்டுச் சிங்களச் சனம் வாசலில் வந்து நின்றதால்தான் தப்பின என்று நான் சொன்னேன். என் பேச்சை யார் கேட்டது. அப்பா, கோயில் திருநாளுக்கு அச்சடித்து மிஞ்சிய மாதா படக்கட்டை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கினார். கோதுமை மாப் பசை காய்ச்சித் தந்தது நான்தான். எங்கள் வாசலில் உள்ள பச்சைத் தகரப் படலையின் நடுவில் ஒட்டினார். பின்னேரம் முன்வீட்டுக் கமலேஸ்வரி வந்தா. வெள்ளி தவறாமல் காளி கோயிலுக்குப் போகிற மனிசி, வாசலில் நின்று, டீச்சர், உங்கட மாதா எங்களையும் ஒருக்கால் பார்ப்பாவோ, எனக்கும் ஒண்டு தாங்கோ, ஆனால் எங்கட அம்மாளாச்சிக்குச் சொல்லிப் போடாதேங்கோ என்று கேட்டா. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பாதர் இவ்வளவு காலமும் செய்ய ஏலாத வேலையை நான் ஒரு பின்னேரத்தில செய்துபோட்டன், முழு ஒழுங்கையும் வேதத்துக்கு வந்திட்டுது என்று அப்பா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன். பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினோம்.

போன வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார்கள். சத்தம் போடவில்லை, ஒருவரையும் பார்க்கவும் இல்லை. படலைகளை மட்டும் பார்த்தார்கள். எங்கள் படலையில் ஒருவன் இறங்கி, படத்தைக் கிழிக்காமல், அதன் கீழ் விளிம்பில் விரலை வைத்து ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் வரை இழுத்துப் பார்த்தான். பிறகு மற்றவனிடம் ஏதோ சொன்னான், இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் வெளியே போய் அவன் நின்ற இடத்தில் நின்று ஒழுங்கையைப் பார்த்தேன். படத்தின் அடியில் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று தமிழில் அச்சடித்திருக்கிறது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் இரண்டு சிங்கள வீட்டுப் படலையிலும் படம் இல்லை, முஹம்மது தம்பி நானா வீட்டிலும் இல்லை, அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மற்ற எல்லாவற்றிலும் இருந்தது. எங்கள் வீடுகளை யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கிறிஸ்டின். நாங்களே பசை காய்ச்சி ஒட்டி வைத்திருந்தோம்.

அன்று பின்னேரமே எல்லோரும் கத்தியும் தண்ணீருமாகச் சுரண்டினோம். என் பசை நல்ல பசை. எழுத்துப் போனது, மாதாவின் முகம் போனது, கடுதாசி முழுக்கப் போகவில்லை. படம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் நிற்கிறது. பெயின்ற் அடிப்போம் என்கிறார் அப்பா. புதுப் பெயின்ற் அடித்த படலைகள் மட்டும் ஒழுங்கையில் எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவர் திரும்பவும் கத்தியை எடுத்துக்கொண்டு படலைக்குப் போனார்.

நேற்று அபூதாஹிர் சேர் வந்து, டீச்சர், புள்ளய இப்ப கூப்புடாதீங்க, கந்தளாய் றோட்டால ஒருத்தரும் வரவும் வேணாம், நீங்க ரெண்டு பேரும் குறிஞ்சாக்கேணில எங்கட வீட்டுல வந்து இரிங்க என்றார். அப்பா, மகளின்ர கலியாணப் பந்தல் போட இருக்கிற வீட்டைப் பூட்டிப்போட்டு எங்க போறது என்று கேட்டார். அவரை அசைக்க என்னால் ஏலாது. நீ வரமாட்டாய் என்று உறுதியானால் பந்தலும் இல்லை, பிறகு அவருக்கு இந்த வீட்டில் காவல் இருக்கக் காரணமும் இல்லை. ஆகவே நீ அப்பாவுக்கே நேரடியாக எழுது. லீவு கிடைக்கவில்லை என்று சாட்டுச் சொல்லாதே, கிடைக்கும் வரை காத்திருப்பார். வரமாட்டேன், கலியாணத்தை நாங்கள் இரண்டு பேரும் இருக்கும் இந்த நாட்டிலேயே ஒரு கோயிலில் செய்கிறோம் என்று எழுது. அவருக்கு நோகும். நோகட்டும். உன் கூறைச்சேலையை இதே ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், மடிப்பைப் பிரித்துக் காற்றுப்பட வை.

மட்டக்களப்பில் மாப்பிள்ளையின் அப்பா யேசுரட்ணம் மாமாவுக்கும், புறப்பட வேண்டாம் என்று இன்றைக்கே எழுது. அடையாளம் கேட்டாயே: பச்சைப் படலை, நடுவில் வெள்ளைச் சதுரம். ஒழுங்கைக்குள் எல்லாத் தமிழ் வீட்டுக்கும் அந்த வெள்ளைச் சதுரம்தான் அடையாளம். அதைப் பார்த்து வருகிறவர்கள் நீங்களாக இருக்க வேண்டாம்.

உன்னையும் மாப்பிள்ளையையும் ஆண்டவர் காக்கட்டும், என் ஆசி எப்போதும் உங்களோடு இருக்கும்.

உன் அம்மா,
இன்பமலர் டொமினிக்