பழைய டிஸ்க்குக்கு ஒரு பெட்டி

12 ஜூலை 2006, புதன்

நான் யாரையும் நம்பாதவள் என்று தெருவில் பேசுகிறார்கள். தவறு. அவசரத்தைத்தான் நம்புவதில்லை.

மாகறல் நிலத்தின் பத்திரங்களைக் கரையான் தின்றுவிட்டது. அவற்றின் படங்கள், நின்றுபோன என் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில் மட்டுமே இருக்கின்றன. நிலம் தன்னுடையது என்கிறார் கொழுந்தனார். டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்க்க உதவும் ஒரு பெட்டியில் பொருத்தி, திங்களன்று காஞ்சிபுரம் வக்கீலிடம் கொண்டுபோக வேண்டும்.

கடைக்காரர் சேகர் முதலில் எடுத்த பெட்டிக்கு, தனியாக மின்சாரம் கொடுக்கும் அடாப்டர் இல்லை. டிஸ்க்கின் மேலேயே பன்னிரண்டு வோல்ட் வேண்டும் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டினேன். அடாப்டரோடு வேறொன்று எடுத்தார். பொருத்தி அவர் கம்ப்யூட்டரில் இணைத்ததும், ஃபார்மேட் செய்யலாமா என்று திரை கேட்டது.

"யெஸ் குடுத்தா வேலை முடிஞ்சிடும்மா" என்று விரலைக் கொண்டுபோனார். மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"இன்னா டீச்சரம்மா, பாம்பையா தொட்டுட்டேன்? எல்லாரும் பாத்துக்கினு கீறாங்க!"

ஃபார்மேட் என்றால் அழிப்பது என்று எனக்குத் தெரியும். ஆனால் திரை ஏன் அப்படிக் கேட்டது? உள்ளே ஏற்கெனவே ஒன்றும் இல்லையா? அதை அவர் வாயால் கேட்கத் துணிவில்லை. டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

காலையில் கொடுத்தனுப்பச் சீட்டு எழுதிவிட்டேன்:

"சேகர், திரை அப்படிக் கேட்டால் படங்கள் போய்விட்டன என்றுதான் பொருளா? நேரில் சொல்ல வேண்டாம். எழுதி அனுப்பவும்."