அறுபது ஜோடி செருப்பும் வீட்டுக்குத்தான்

அன்பு மகள் ஹஸ்னாவுக்கு ஃப்னிதெக்கிலிருந்து உம்மா ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையில் ரொட்டிக்கும் உடம்புக்கும் குறையில்லாமல் இருக்கிறேன், முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் சுகத்தை எனக்காகப் பூசி மெழுகாமல் உள்ளபடி எழுது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். எல்லைக் கேட்டை மூடிய பிறகு பள்ளிவாசல் வகுப்பில் படித்த எழுத்தை நான் வேறு யாரிடம் காட்டுவது, போனிலோ நீ என்னைப் பேசவிடுவதில்லை. மாடியில் துணி காயப்போடும்போது எல்லைக்கு அந்தப் பக்கம் செப்தா மலை தெரிகிறது, அங்கே எந்த வீட்டில் நீ பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாய் என்று கண்ணால் தேடுவேன். கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான். நீ இங்கே வந்தால் திரும்பிப் போகமுடியாது, எனக்கு விசா கிடையாது, நாலு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது சேதிக்கு வருகிறேன். எல்லையில் மூட்டை தூக்கிப் பிழைத்த பெண்களுக்கு அரசாங்கம் மாற்று வேலை தருகிறது, மீன் பதப்படுத்தும் புதுக் கூடத்தில், உட்கார்ந்து செய்கிற வேலை, மாதச் சம்பளம். கூலிக்கு மூட்டை தூக்கினோம் என்று நிரூபித்தால் பட்டியலில் பெயர் வரும். சாமான் இனி லாரியில் வரப்போகிறதாம். முதல் லாரி வந்த அன்று வேடிக்கை பார்க்கப் போனேன், நாங்கள் ஒரு காலை முழுக்க முதுகொடியச் சுமந்ததை அது ஒரே காகிதத்தோடு கொண்டுவந்து நிறுத்தியது. லாரி மேல் எனக்குக் கோபமில்லை, உண்மையில் அழகாக இருந்தது. ஆனால் ஒன்று விளங்கவில்லை, சாமான் தாராளமாகப் போய்வரலாம், அதைத் தூக்கினவள் மட்டும் ஏன் போய்வரக்கூடாது? உன் எஜமானி படித்தவள், கேட்டு எழுது. இன்னொன்றும் கேள், விடியலில் எங்களுக்கு பிஸ்ஸாராக் கஞ்சி விற்ற ரஹீமோவும்தான் கடையை மூடினாள், அவளைப் பட்டியலில் சேர்க்கமாட்டார்களாம், அப்படியானால் பாதிப்பு எந்த வாசலோடு நிற்கிறது, அதை யார் முடிவுசெய்கிறார்கள்?

பதிவு அலுவலகத்தில் உன் வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் கேட்டாள், எத்தனை வருஷம் என்று கேட்டாள், இருபத்திரண்டு என்றேன். "அந்த மூட்டையெல்லாம் யாருது பெரியம்மா?" என்றாள். நான் மூச்சுவிடாமல், "என்னோடதுதான் மகளே, வீட்டுக்கு" என்றுவிட்டேன். உனக்கே தெரியும், சொந்த உபயோகத்துக்கு உடம்பில் சுமந்து வருகிற சாமானுக்குச் சுங்கம் கிடையாது, அதனால் காவலர் கேட்கும்போதெல்லாம் சொன்ன பதில் அது. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டாள், சொந்தச் சாமான், ஆகவே கூலியாள் இல்லை, பட்டியலில் பெயரும் இல்லை. வெளியே வந்து பார்த்தால் அன்று சேர்ந்து போன பதினொரு பேரில் பத்துப் பேர் அதையே சொல்லியிருக்கிறோம். வயிறு வலிக்கச் சிரித்தோம், பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எனக்கு இந்த வேலை போனால் அடுத்த வேலை ஏது மகளே, இந்த முதுகை வைத்துக்கொண்டு?

மறுநாள் போய் நான் சொன்னது பொய் என்றேன். நல்ல பெண், கோபப்படவில்லை, உண்மை தெரிந்த ஒருவர் வந்து சொல்லட்டும் என்றாள். சாமான் கொடுத்த வியாபாரிகள் எங்களைத் தெரியவே தெரியாது என்கிறார்கள். அப்போதுதான் அல்லாலின் நினைவு வந்தது, பதினொரு வருஷம் எங்கள் மூட்டையைக் குச்சியால் குத்திப் பார்த்த காவலர், இப்போது ஓய்வுபெற்றுத் துறைமுகத்தில் தூண்டில் போடுகிறார். எத்தனையோ நாள் கேட்க நினைத்ததைக் கேட்டேன், நாங்கள் சொன்னதை அன்றைக்கு நம்பினீர்களா என்று. "ஒரே வாரத்துல அறுபது ஜோடி செருப்பு வீட்டுக்குன்னா, இவ வீட்ல பூரான்தான் குடியிருக்குன்னு பேசிக்குவோம்" என்றார். வந்து சொல்லுங்கள் என்றதும் சிரிப்பு நின்றது. தெரியும் என்று சொன்னால் தெரிந்தே விட்டேன் என்றாகுமே, பென்ஷன் என்னாவது என்றார். அது நியாயம்தான், நான் வற்புறுத்தாமல் வந்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் இஸ்திரி போட்ட ஜெல்லாபா அங்கியில் அலுவலகத்தில் வந்து நிற்கிறார் மனுஷன். "இந்தப் பதினொரு பேரும் தினம் என்கிட்ட பொய் சொன்னாங்க. பொய்னு தெரிஞ்சேதான் விட்டேன். என் பேரைப் போட்டே எழுதிக்குங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன், நீயும் கேள்.

பெயர் ஏறிவிட்டது, திங்கட்கிழமை வேலைக்குப் போகிறேன். நீ கையுறை இல்லாமல் ப்ளீச்சிங் தண்ணீரில் கைவைக்காதே, போட்டோவில் உன் விரலைப் பார்த்தேன். காலையில் காப்பியை மட்டும் குடித்துவிட்டு ஓடாதே. படிவத்தின் கடைசியில் அலுவலகத்துப் பெண் ஒரு கேள்வி கேட்டாள், நாளைக்கே பழையபடி கேட்டைத் திறந்தால் இந்த வேலையை விட்டுவிட்டு மூட்டைக்குப் போய்விடுவீர்களா என்று. "மூட்டைக்குப் போகமாட்டேன். ஆனா திறக்கற அன்னிக்கு வேலைக்கும் வரமாட்டேன், இப்பவே லீவுன்னு எழுதிக்கோ. அன்னிக்கு நான் வெறுங்கையோட போய் என் மகளைப் பாக்கணும்" என்றேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லையாம். அவள் அதை ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அல்லாஹ் உன்னைக் கண்போலக் காக்கட்டும், உன் கைக்கு வலுவும் மனதுக்கு நிம்மதியும் தரட்டும். பாஸ்போர்ட் காலாவதியாகிற தேதியை இன்றே எடுத்துப் பார்.

உன்னையே நினைத்திருக்கும் உம்மா,
மென்னானா