கழற்றக்கூடிய றேடியோவுக்கு எதற்குக் காவல்?

இன்று காலை பின்வளவுக் கொட்டிலை ஒதுக்கும்போது உங்கள் சாமான் பெட்டிக்குள் அந்த இரும்புப் பிடி கிடந்தது. மோட்டார் சைக்கிளின் கைபிடியில் றேடியோ பூட்ட நீங்களே செய்தது. கீறல் விழக்கூடாதென்று உள்ளுக்குச் சுற்றிய சைக்கிள் ட்யூப் துண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூக்கருகில் கொண்டுபோனேன். பழைய றப்பர் மணம். அதோடு அந்த வருடத்துக் கோபமும் வந்தது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அந்த றேடியோ எனக்கென்றே, நான் சமைக்கும் குசினியின் யன்னலில் இருந்தது. உள்ளங்கை அளவு பெட்டி, பக்கத்தில் ஒரு தட்டை அன்டெனா. வானத்திலுள்ள சாட்டிலைட்டைப் பார்த்தபடி இருந்தால்தான் இந்தக் குளிர்தேசத்தில் தமிழ் பேசும். ஒரு விரல் அரக்கினாலும் வாயை மூடிவிடும். 2009ஆம் ஆண்டு. என் ஒரே தம்பி ஊரில், சண்டை நடந்த வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். மாசி மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து தொலைபேசி இல்லை. காலை ஏழு மணிச் செய்தி முடிய மரண அறிவித்தல் வாசிப்பார்கள். அது முடியும்வரை எனக்குத் தேத்தண்ணி இறங்காது. அவன் பெயர் வராத நாள் அவன் உயிரோடிருக்கும் நாள் என்று வைத்திருந்தேன்.

அப்படியிருக்க, ஒரு சனிக்கிழமை காலை முழுக்கக் கொட்டிலுக்குள் தட்டிக்கொண்டிருந்துவிட்டு வந்தீர்கள்.

"இஞ்சரும், இனி இது காலமை என்னோட வேலைக்கு வரும்."

"மோட்டச்சைக்கிளிலயோ? ஹெல்மெட்டுக்குள்ள என்னத்தைக் கேப்பியள்?"

"காதுக்குள்ள வயர் போடுவன்."

"யன்னலில அரக்கினாலே பேசாத சாமான், ரோட்டில ஓடேக்க பேசுமோ?"

"பேசும், பேசும். பின்னேரம் கழட்டிக்கொண்டுவந்து உம்மட யன்னலிலயே வைப்பன். இது கழட்டிப் பூட்டுற சாமான். பாரும்."

இரண்டு பக்கமும் அமத்தினீர்கள், டக்கென்று கழன்றது. திரும்பச் செருகினீர்கள். மூன்று தரம் செய்து காட்டினீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள்தான். ஆனாலும் ஒரு மனிதன் ஒரு காரணம் சொன்னால் நம்பலாம், மூன்று சொன்னால் உள்ளுக்கு வேறொன்று இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆறாம் வகுப்புத் தேவையில்லை.

அடுத்த நாளிலிருந்து, ஞாயிறும் பாராமல், ஆறரைக்கே றேடியோவோடு வெளிக்கிட்டீர்கள். எனக்கு மரண அறிவித்தல் இல்லாமல் போனது. இல்ஃபோர்டிலிருக்கும் மகளுக்குப் போன் எடுத்தேன்.

"கொப்பர் ஆரையோ பாக்கப் போறார் போல கிடக்கு."

"அம்மா, அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயசு!"

"அறுபத்திரண்டு வயசில ஆரும் மோட்டச்சைக்கிளுக்கு றேடியோ பூட்டுவினமோ?"

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விளைமீன் குழம்பு வைத்தால் தட்டை ஓரமாகத் தள்ளினீர்கள். வயிறு சரியில்லையாம். கிழமை முழுக்கச் சரியில்லாத வயிறு, பருப்பையும் கத்தரிக்காயையும் மட்டும் குறைவில்லாமல் வாங்கிக்கொண்டது. உங்கள் சட்டைப் பைகளைத் துளாவினேன். இப்போது சொல்ல எனக்கென்ன வெட்கம்? ஒன்றும் அகப்படவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான் பஸ்சில் போனேன். நீங்கள் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலுக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டீர்கள்.

"றேடியோவை ஆரும் அடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். நான் காவல் நிக்கிறன். நீர் போயிட்டு வாரும்."

நானும் போனேன். தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அவன் ஆயுளுக்கென்று அர்ச்சனை செய்வித்தேன்.

அடுத்த வெள்ளியும் அதே இடம், அதே காவல். உள்ளே ஐயர் தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அது கழற்றக்கூடிய சாமான் அல்லவா? கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வரலாமே! கழற்றக்கூடிய றேடியோவுக்கு எதற்குக் காவல்?

திருநீற்றோடு வெளியே வந்தேன். உங்கள் நெற்றிக்குக் கையை நீட்டினேன். நீங்கள் ஓரடி பின்னுக்குப் போய், அவசரமாக ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டீர்கள்.

நான் கைபிடிப் பக்கம் போய் இரண்டு பக்கமும் அமத்தினேன். டக்.

"கழட்டியாச்சு. இப்ப உள்ள வாங்கோ."

நீங்கள் அசையவில்லை. மீன் தொடாதவர், திருநீறு வாங்காதவர், கோயில் வாசல் மிதிக்காதவர். செத்தவீட்டுத் துடக்கு என்ற தீட்டைக் காக்கிறவன்தான் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்வான்.

"ஆருக்குத் துடக்கு?" என்று கேட்டேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினீர்கள். முகம் முழுக்க நனைந்திருந்தது.

"தம்பிக்கு. கனடாவிலயிருந்து உம்மட பெரியம்மாவின்ர மகன் போன் எடுத்தவன். பக்கத்தில நிண்டவை சொன்னவையாம். றேடியோவுக்கு அறிவித்தல் குடுக்கப்போறன் எண்டான். வேண்டாம் எண்டன், அவன் கேக்கேல்லை. குசினிக்குள்ள தனிய நிண்டு நீர் அதைக் கேக்கக்கூடாது எண்டுதான்…"

"எத்தினை நாள்?"

"இண்டையோட பதினாலு."

அந்த ரோட்டில் நான் அழவில்லை. "செத்தவனுக்கு ஆயுள் கேக்க விட்டியளே" என்று மட்டும் சொன்னேன். வாசிப்பவர் அவன் பெயரை வாசித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. மச்சானுக்கு நீங்கள் முப்பத்தொரு நாள் துடக்குக் காக்க வேண்டிய முறையில்லை. அது எனக்காகக் காத்தது. அதை விளங்கிக்கொள்ள எனக்கு மாதங்கள் பிடித்தன. அன்று விளங்கியதெல்லாம், என் கையாலே மீன் சமைக்க விட்டீர்கள் என்பதுதான். மிச்சப் பதினேழு நாளையும் நான் காத்தேன். அந்தப் பதினேழு நாளும் உங்களோடு ஒரு சொல் பேசவில்லை.

போன வருடம் உங்களுக்கு இனி வைத்தியமில்லை என்று டொக்டர் எங்கள் மகளிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஆஸ்பத்திரி நடையில் அவள் அதை எனக்குச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு இப்ப சொல்லவேண்டாம். இந்தக் கிழமை போகட்டும்."

கையை உதறிக்கொண்டு நேரே உங்கள் கட்டிலடிக்கு வந்து, நின்றபடியே சொன்னேன். ஒன்றும் ஒளிக்கவில்லை. நீங்கள் யன்னல் பக்கம் திரும்பினீர்கள்.

"இண்டைக்கே சொல்லத்தான் வேணுமோ?"

"ஓம்," என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள்தான் உயிரோடிருந்தீர்கள். ஒரு இரவும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. பக்கத்துக் கதிரையில் நானும் விழித்திருந்தேன்.

நீங்கள் எனக்குப் பதினாலு நாள் தம்பியை உயிரோடு வைத்துத் தந்தீர்கள். நான் உங்களுக்கு ஒரு கிழமைகூடத் தரவில்லை. அன்று நான் சொன்னது உண்மை பேச வேண்டும் என்பதற்காகவா, இல்லை பழைய கணக்கைத் தீர்க்கவா? உங்கள்மேல் வைத்த சந்தேகம் ஒவ்வொன்றும் தீர்ந்துவிட்டது. என்மேலுள்ள இந்த ஒன்றைத்தான் காவிக்கொண்டு திரிகிறேன்.